என்விஎம்இ கார்டு போட்டபின் உபுண்டு சர்வரில் நெட்வொர்க் போய்விட்டதா?

உங்கள் நெட்வொர்க் போர்ட் பழுதாகியிருக்காது. அதன் பெயர்தான் மாறியிருக்கும். என்விஎம்இ (வேகமான சேமிப்பக) கார்டைப் புதிதாகப் போட்டு ரீபூட் செய்ததும் சர்வர் பிங்குக்குப் பதில் தரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இஎன்பி3எஸ்0 (enp3s0) என்ற போர்ட் பெயரில் வரும் 3, பிசிஐ பஸ் எண், அதாவது கார்டுகள் இணையும் பாதையின் எண். நடுவில் புதுக் கார்டு நுழைந்தால் இந்த எண்கள் தள்ளிப்போகலாம். பழைய போர்ட் இஎன்பி4எஸ்0 ஆகிவிடும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு எழுதப்பட்டிருக்கும் நெட்பிளான் கோப்போ இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

1. ஐபிஎம்ஐ கன்சோல் (சர்வரின் சொந்த நெட்வொர்க் இல்லாமலே உள்ளே போகும் தனி வழி) வழியாக உள்ளே போய் 'ஐபி லிங்க்' (ip link) கட்டளையைக் கொடுங்கள். பெயர் மட்டும் மாறி, மேக் முகவரி (போர்ட்டின் தனி வன்பொருள் எண்) அப்படியே இருந்தால் காரணம் உறுதி.

2. கோப்பில் பெயரை மட்டும் திருத்திவிட்டு விடாதீர்கள், அடுத்த கார்டு போடும்போது மறுபடியும் இதே பாடுதான். மேக் முகவரியை வைத்துப் பொருத்தும்படி எழுதி, அதே கோப்பில் 'செட்-நேம்' (set-name) வரி மூலம் நிலையான பெயர் கொடுங்கள்.

3. அப்புறம் புதிய அமைப்பைச் சோதித்துப் பார்க்க 'நெட்பிளான் ட்ரை' (netplan try) கட்டளையைக் கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். ஆனாலும் கன்சோலை மூடாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள்: போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது என்றால், மதர்போர்டை மாற்றும் நாளில் மேக் முகவரியும் மாறும். அன்றைக்குக் கோப்பையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.