களிமண்ணில் சாகும் செர்ரிக் கன்றுகள்

வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில், ஃபிக்ஸ்பர்க் பக்கம் களிமண் நிலத்தில் மகாலெப் என்ற வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) ஒட்டிய 40 செர்ரிக் கன்றுகளை நட்டு, ஜனவரி மழைக்குப் பிறகு 11 வாடிவிட்டன, உரம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

வாடிய கன்று ஒன்றின் அடியில் மண்ணைக் கையால் விலக்கி, தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே பட்டையைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெளிர்பச்சையாக இருந்தால் நல்லது. செம்பழுப்பாக ஊறிப்போயிருந்தால் பெரும்பாலும் ஃபைட்டோப்தோரா அழுகல்தான், அதாவது ஈரமண்ணில் வேரையும் அடித்தண்டையும் தாக்கும் நோய். மகாலெப் வறட்சியையும் சுண்ணாம்பு மண்ணையும் தாங்கும். தண்ணீர் தேங்கினால் போச்சு. கோடையில் மழை கொட்டும் ஃப்ரீ ஸ்டேட்டில், அதுவும் களிமண்ணுக்கு, அதை விற்றவர் உங்கள் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிழைத்த மரங்களின் கொட்டையை முளைக்க வைத்து வேர்ச்செடி எடுக்கலாம் என்ற உங்கள் யோசனை சரிவராது. விதைக்கன்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். பிழைத்த மரங்கள் மேட்டில் இருந்ததால்கூடப் பிழைத்திருக்கலாம்.

வேறு வேர்ச்செடியாக ஜிசெலா 5 வைக்கலாமா? அது ஜெர்மனியின் கீசனில் புளிப்புச் செர்ரியைக் கலந்து உருவாக்கிய குட்டை ரகம். சீக்கிரம் காய்க்கும். ஆனால் கவாத்தில் அசந்தால் காய் அதிகம் பிடித்துப் பழம் சிறுத்துவிடும். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங்கில் உருவான கோல்ட் (Colt) வேர்ச்செடிதான் வைப்பேன். மரம் பெரிதாகும், வறட்சி தாங்காது, ஆனால் ஈரத்தில் மகாலெப்பைவிடத் தேவலை. அப்புறம், எதை வைத்தாலும் முதலில் 40 செ.மீ. உயரத்துக்கு வரப்பு கட்டி அதன்மேல் நடுங்கள்.