சோலார் வாங்கலாமா? படகுக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: என் ஃபைபர் படகில் இருப்பது 10 எச்.பி. இன்ஜின். இரண்டு பேனல் போதும், டீசலே வேண்டாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: வேண்டாம். வாட் என்றாலே பேனலின் பரப்பு. நல்ல பேனல்கூட உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட் தந்தால் பெரிது. இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன், 300 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய விளக்கு ஒன்றை வாங்கி வந்து பார்த்தால் பேனல் சிலேட்டு அளவுதான், சாயங்காலம் ஏழு மணிக்கே கண்ணை மூடிவிடும். அந்த ஸ்டிக்கர் அடிப்பவர்களைப் பிடித்துக் கேட்க ஆளே இல்லை. சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 10 எச்.பி. என்றால் ஏழரை கிலோவாட், அதாவது சுமார் 37 சதுர மீட்டர் பேனல். அதைப் படகில் பரப்பிவிட்டு வலையை எங்கே போடுவீர்கள்? கேரளாவில் ஆதித்யா என்ற சோலார் பயணிகள் படகு ஓடுகிறதே என்பார் ஏஜென்ட். ஓடுகிறது, வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 முதல், 75 பேரை ஏற்றிக்கொண்டு. ஆனால் அது அலையில்லாத காயல், போக வேண்டியது மூன்று கிலோமீட்டருக்குள், கூரை முழுக்க 20 கிலோவாட் பேனல், போதாததற்குப் பெரிய பேட்டரி வேறு. உங்களுக்கு விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் இவற்றுக்கு மட்டும் ஒரு 100 வாட் பேனல் போடுங்கள்.

கேள்வி: படகுக்கென்று சொல்லித்தான் பேனல் வாங்கினேன். எட்டே மாதத்தில் பின்னால் வயர் சேரும் ஜங்ஷன் பாக்ஸை உப்பு அரித்துவிட்டது. உப்புக்காற்றுக்கு வாரண்டி இல்லை, தொழிலுக்கு வாங்கியதால் கேஸும் போட முடியாது என்கிறார் கடைக்காரர்.

பதில்: விற்கும்போது அவருக்குக் கடல் தெரியவில்லையா? பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவர் வாங்கினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவரும் நுகர்வோர்தான். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில்லை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை ஐஇசி 61701 உப்புச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சந்தையில் பில் இல்லாமல் பாதி விலைக்கு பேட்டரி வாங்கினேன். ஒரு வாரம்தான் ஓடியது.

பதில்: பில்லும் இல்லை, கடையும் இல்லை, என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

கேள்வி: பெரிய கப்பல்கள் முழுக்க சோலாரில் ஓடப்போகின்றன, பங்கு வாங்கு என்கிறார் மைத்துனர்.

பதில்: ஜப்பானின் ஆரிகா லீடர் என்ற கார் ஏற்றும் கப்பலில் 2008-இலேயே 328 பேனல் போட்டார்கள். கிடைத்தது 40 கிலோவாட். அந்த அளவுக் கப்பலின் இன்ஜின் ஆயிரக்கணக்கான கிலோவாட் கேட்கும். மைத்துனர் முதலில் வாங்கட்டும்.