சுண்ணாம்புச் சுவர் ஏன் திட்டுத் திட்டாகத் தெரிகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் பழக்கம் சென்னையில் இன்னும் விட்டுப்போகவில்லை. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சுண்ணாம்பு, காவி, சாணப் பெயிண்ட் என்று திரும்பிப் பார்க்கிறவர்களுடையவை. கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே கவலைதான்: சுவர் சீராக வரவில்லை.

எங்களுடையது தாத்தா காலத்து வீடு. கூடத்து விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பு மூன்று கோட்டு அடித்தோம். அடைத்த இடமெல்லாம் மேகம் மாதிரி தனியாகத் தெரிகிறது. நாலாவது கோட்டு அடித்தால் மறையுமா? (மயிலாப்பூர்)

மறையாது. இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். கோளாறு சுண்ணாம்பில் இல்லை, சுவர் தண்ணீர் குடிக்கும் விதத்தில் இருக்கிறது.

ஒரு சொம்புத் தண்ணீரும் அகலமான பிரஷ்ஷும் எடுத்து, அடைத்த இடத்தின் மேலே ஒரு முழத்துக்குக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சு தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சி மங்கிவிடும். சிமெண்ட் வைத்த இடத்தில் அதே தண்ணீர் கொஞ்ச நேரம் மினுமினுவென்று நிற்கும். சுண்ணாம்பு அடிக்கும்போதும் இதேதான் நடக்கிறது. உறிஞ்சுகிற இடத்தில் தண்ணீர் உள்ளே போய்ச் சுண்ணாம்பு மேலே தடியாகத் தங்குகிறது. உறிஞ்சாத இடத்தில் அது பரவி மெல்லிசாகக் காய்கிறது. இரண்டு விதமான தடிமன், அதனால் இரண்டு விதமான வெள்ளை.

முடிந்தால் சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த சாந்தால் அடையுங்கள். அதை இரண்டு வாரமாவது ஆறவிடுங்கள். செதுக்கினால் சுவரே பெயர்ந்துவிடும் என்று கொத்தனார் சொன்னால், சுவர் முழுவதுக்கும் அதே சாந்தை நைசாக, மெல்லிசாக ஒரு கை இழுக்கச் சொல்லுங்கள். சுவர் முழுக்க ஒரே மாதிரி உறிஞ்ச வேண்டும். அதற்காக ஒரு வாரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

அப்புறம் நனைப்பது. அடிப்பதற்கு முந்தின நாள் மாலை ஒரு தடவை, அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இன்னொரு தடவை தண்ணீர் தெளியுங்கள். சுவர் தொட்டால் ஈரமாக, சில்லென்று இருக்க வேண்டும். ஆனால் மேலே நீர் பளபளக்கக் கூடாது. இதைச் செய்யாத சுவரில் எவ்வளவு நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பும் சீராக நிற்காது.

கரைசல் பால் பதத்தில் இருக்கட்டும். முதல் கோட்டு அடித்ததும் சுவரில் ஒன்றுமே இல்லாத மாதிரி, கண்ணாடி போலத் தெரியும். இங்கேதான் பலர் பயந்துபோய், அடுத்த வாளியைத் தயிர் பதத்துக்குக் கரைக்கிறார்கள். பொறுத்திருங்கள். மறுநாள் காலையில் அதே சுவர் வெளுத்திருக்கும். மெல்லிசாக நாலு கோட்டு அடித்த சுவரின் அழகு, தடியாக இரண்டு கோட்டு அடித்ததில் வராது.

ஃபிளாட்டில் எமல்ஷன் அடித்திருக்கிறது. அதன் மேலேயே சுண்ணாம்பு அடிக்கலாமா? (வேளச்சேரி)

வேண்டாம். எமல்ஷன் சுவரின் மேல் பிளாஸ்டிக் தோல் போல மூடியிருக்கும். சுண்ணாம்புக்குப் பிடிப்பு வேண்டுமானால் அது சுவருக்குள் இறங்க வேண்டும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் மட்டும் போதாது, சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். பெயிண்டையும் பட்டியையும் சுரண்டி, பூச்சு தெரியும்வரை போகத் தயார் என்றால் செய்யுங்கள். அவ்வளவு வேலை வேண்டாம் என்றால் சாண எமல்ஷன் உங்களுக்குச் சரிப்படும். அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

நாங்களே வீட்டில் அடித்தோம். ஒவ்வொரு இழுப்பும் சேருகிற இடத்தில் கோடு கோடாகத் தெரிகிறது. ரோலர் வாங்கினால் சரியாகுமா? (பெரம்பூர்)

சுண்ணாம்புக்கு ரோலர் உதவாது. தண்ணீர் போல இருக்கும் கரைசல் ரோலரிலிருந்து தெறித்துச் சிதறும், சுவரின் சிறு குழிகளுக்குள்ளும் போகாது. அந்தக் காலத்தில் நார் மட்டையில் அடித்தார்கள். இன்றைக்கு ஆறு அங்குலப் பிரஷ் போதும்.

கோடு விழுவதற்குக் காரணம், அடித்த ஓரம் காய்ந்தபிறகு அதன் மேல் அடுத்த இழுப்பு ஏறுவது. ஏறிய இடத்தில் இரண்டு கோட்டு, மற்ற இடத்தில் ஒன்று. அதனால் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த இழுப்பைச் சேர்க்க வேண்டும். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலையிலிருந்து மூலைவரை முடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். பெரிய சுவருக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஏணியில் மேல் பாதி, இன்னொருவர் கீழே நின்று கீழ்ப் பாதி, பக்கத்திலேயே நகர்ந்துகொண்டு போகட்டும். முதல் கோட்டு முழுவதையும் குறுக்காக அடித்தால் அடுத்த கோட்டு முழுவதையும் நெடுக்காக அடியுங்கள்.

ஃபேனை நிறுத்துங்கள். என் வீட்டு முன்னறையை நான் முதன்முதலில் அடித்தபோது, வியர்க்கிறதே என்று ஃபேனைப் போட்டுக்கொண்டு அடித்தேன். ஃபேனுக்கு நேரான சுவரில் விழுந்த கோடுகள் மூன்று வருடம், திரும்ப அடிக்கும்வரை, அப்படியே இருந்தன.

வாளியின் அடியில் சுண்ணாம்பு படிந்துகொண்டே இருக்கும். பிரஷ்ஷை முக்கும்போதெல்லாம் ஒரு கலக்குக் கலக்குங்கள். இல்லாவிட்டால் வாளியின் மேல் பாதியில் அடித்தது வெறும் தண்ணீராகவும், கடைசியில் அடித்தது கூழாகவும் இருக்கும்.

இயற்கையான மஞ்சள் நிறம் வேண்டும். சமையல் மஞ்சள் தூளைச் சுண்ணாம்பில் கலக்கலாமா? (அம்பத்தூர்)

ஆரத்தி கரைப்பதை நினைத்துப் பாருங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவந்துவிடும். அந்தச் சிவப்பும் நிற்காது, வெளிச்சம் பட்டு வெளுத்துப்போகும். செடியிலிருந்து எடுக்கும் சாயங்களில் பெரும்பாலானவை சுண்ணாம்பின் காரத்துக்குத் தாங்குவதில்லை.

தாங்குவது மண்ணிலிருந்து வரும் நிறங்கள்: காவி, மஞ்சள் காவி போன்ற இரும்பு ஆக்சைடு வகைகள். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். அதிகமானால் நிறம் பிடிக்காமல் கையோடு வரும். தூளை நேராக வாளியில் கொட்டினால் கட்டி நின்று, பிரஷ் இழுக்கும்போது சிவப்பு வால் விட்டுக்கொண்டு போகும். முதல் நாளே தனியாகத் தண்ணீரில் குழைத்து ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிச் சேருங்கள்.

அந்த அறைக்கு வேண்டிய மொத்தத்தையும் ஒரே டிரம்மில் கலந்துவிட வேண்டும். இரண்டாவது தடவை கலக்கும்போது அதே நிறம் கிடைக்காது. போதாமல் போய்ப் புதிதாகக் கலக்க நேர்ந்தால், சுவரின் நடுவில் மாற்றாமல் மூலையில் மாற்றுங்கள். மூலையில் வெளிச்சமே மாறுவதால் கண்ணுக்குத் தெரியாது. ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்தால் பல மடங்கு வெளிறிவிடும். பீரோவுக்குப் பின்னால் வருகிற இடத்தில் ஒரு சதுர அடி அடித்து இரண்டு நாள் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மே மாதம் அடித்தோம். சாய்ந்தால் சட்டையில் வெள்ளையாக ஒட்டுகிறது. (தாம்பரம்)

சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. ஈரம் இருக்கும்போதே காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. கத்திரி வெயிலில் அதற்கு முன்னாலேயே தண்ணீர் பறந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தூள்தான். உங்கள் சுவருக்கு நடந்தது இதுதான்.

உலர்ந்த துணியால் தூளைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் கைத்தெளிப்பானால் பனி போலத் தண்ணீர் அடியுங்கள். ஓரளவு இறுகும். அதன் பிறகு மெல்லிசாக ஒரு கோட்டு, அதில் பெயிண்டர்கள் கலக்கும் வச்சிரப் பசையைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் சேர்க்கலாம். பத்து லிட்டர் கரைசலுக்கு நாற்பது கிராம் போதும். கஞ்சி சேர்க்கச் சொல்வார்கள். சென்னையின் புழுக்கத்தில், காற்றோட்டம் இல்லாத அறையில், அது பூஞ்சைக்குத் தீனி என்பது என் அனுபவம்.

எந்த மாதம் நல்லது?

தையும் மாசியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே ஈரம் கக்கும்.

கடற்கரைப் பக்கம் வீடு. சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து, அடித்ததெல்லாம் உதிர்கிறது. (திருவான்மியூர்)

நிலத்தின் ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு ஏறுகிறது. எந்தப் பூச்சாலும் அதை மூடி நிறுத்த முடியாது. முதலில் ஈரம் வரும் வழியைப் பாருங்கள்: வெளியே சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டுத் தண்ணீர் தேங்குகிறதா, குழாய் கசிகிறதா. பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். கழுவினால் உப்பு திரும்ப உள்ளேயே போகும். சுண்ணாம்பு கரைக்க போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும். மெட்ரோ தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவர் மாதிரிப் பளபளப்பு வேண்டும். எத்தனை கோட்டு? (அண்ணாநகர்)

அது அடித்து வருவதில்லை, பூசித் தேய்த்து வருவது. அடுக்கடுக்கான பூச்சுக்கு மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் அரைத்த நைசுப் பூச்சைப் போட்டு, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த மெருகு அது. பூச்சுக்கே காரைக்குடிப் பக்கத்துக் கைதேர்ந்த கொத்தனார் வேண்டும்.

சாணப் பெயிண்ட் சீராக வருமா? வாசனை அடிக்குமா? (போரூர்)

கதர் கிராமத் தொழில் ஆணையம் 2021 ஜனவரியில் வெளியிட்டது இந்தப் பெயிண்ட். டிஸ்டெம்பர், எமல்ஷன் என்று இரண்டு வகை. உருவாக்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்துக்கு நம் தஞ்சாவூர்க்காரர், காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் பெயர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். சாண வாசனை வராது. சாதாரண பெயிண்ட் மாதிரியே பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ரோலரில் ஓட்டலாம். சீராக வருவது சுண்ணாம்பைவிட எளிது.

பிள்ளைகளும் சேர்ந்து அடிக்க ஆசைப்படுகிறார்கள். சுண்ணாம்பு இயற்கையானதுதானே? (குரோம்பேட்டை)

இயற்கையானதுதான், ஆனால் கடும் காரம். சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீரில் போடும்போது கொதித்துத் தெறிக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. சுவரின் கீழ்ப் பகுதியை அடிக்க விடலாம், மூடிய கண்ணாடியும் கையுறையும் போட்டுவிட்டு. அண்ணாந்து பார்த்து அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். கண்ணில் பட்டுவிட்டால் கசக்க விடாமல், உடனே குழாயடியில் நிறுத்தி இருபது நிமிடம் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள். எரிச்சல் நின்றாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.