100 எம்பிபிஎஸ் பிளானில் டவுன்லோடு ஏன் 12 எம்பியைத் தாண்டுவதில்லை?

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் டவுன்லோடு நொடிக்கு 11, 12 எம்பி தான் வருகிறது, ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, உங்கள் இணைப்பு சரியாகவே இருக்கிறது. நிறுவனம் சொல்லும் எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. பிரௌசர் காட்டும் எம்பி என்பது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அதனால் 100-ஐ 8-ஆல் வகுங்கள்: நொடிக்கு 12.5 மெகாபைட். 1 ஜிபி கோப்பு இறங்கக் குறைந்தது 80 நொடி ஆகும்.

அந்த 12.5-உம் முழுதாகக் கைக்கு வராது. தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாகத்தான் பயணிக்கிறது. ஒவ்வொன்றிலும் முகவரி போன்ற விவரங்களுக்கும் இடம் வேண்டும். ஈதர்நெட் கேபிளில் இதற்கே சுமார் 5 சதவீதம் போய்விடும். மிச்சம் 11.9 அளவில் நிற்கும்.

அப்புறம், இதைக் கட்டாயம் பாருங்கள். 200 எம்பிபிஎஸ் பிளானிலும் வேகச் சோதனை 94-ஐத் தாண்டவில்லை என்றால் கேபிளையோ ரவுட்டர் போர்ட்டையோ சந்தேகப்படலாம். 100-ஐத் தாண்டிய கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கேபிளில் உள்ள 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் பெரும்பாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும். பிளானை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.