ஓட்டோ ஃப்ராங்க் ஏன் சும்மா விட்டார்? – கடிதம்

வணக்கம்.

மகளின் பள்ளி வேலைக்காக ஆன் ஃப்ராங்கின் நாட்குறிப்பை நானும் சேர்ந்து படித்தேன். நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த எட்டு யூதர்களில் ஆனின் அப்பா ஓட்டோ மட்டும்தான் உயிரோடு திரும்பினார். காட்டிக்கொடுத்தவனை அவர் ஏன் சும்மா விட்டார்? மன்னித்துவிட்டாரா? காட்டிக்கொடுத்தது ஒரு யூத நோட்டரி, அது தெரிந்தே ஓட்டோ மறைத்தார் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

சும்மா விடவில்லை. ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து அவர் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தது 1945 ஜூனில். மகள்கள் இருவரும் இறந்த செய்தி ஜூலையில் தெரிந்தது. அந்த நவம்பருக்குள் போலீஸிடம் போய்ப் புகைப்படங்களைப் புரட்டி, 1944 ஆகஸ்ட் 4 அன்று வீட்டுக்குள் நுழைந்த டச்சுப் போலீஸ்காரர்களில் இருவரை அடையாளம் காட்டிவிட்டார். துப்புக் கொடுத்தது யார் என்பது மட்டும் அவர்கள் வழியாகக் கிடைக்கவில்லை. துப்பை வாங்கியதாகச் சொல்லப்படும் ஜெர்மன் அதிகாரி டெட்மன், அதற்குள் சிறையில் தற்கொலை செய்துகொண்டிருந்தார்.

ஓட்டோவின் நண்பர்களுக்குச் சந்தேகம் அதே கட்டடத்தின் கிடங்கில் வேலை பார்த்த வான் மாரென் மேல். 1948-இல் விசாரித்தார்கள், 1963-64-இல் மறுபடி விசாரித்தார்கள். இரண்டு முறையும் ஆதாரம் இல்லை.

கைது செய்ய வந்த குழுவின் தலைவன் சில்பர்பாவர் கதை வேறு. இங்கே பெயரில் சந்தேகமே இல்லை. 1963-இல் நாஜிகளைத் தேடிப் பிடிப்பவரான சைமன் வீசெந்தால் அவனைக் கண்டுபிடித்தபோது, வியன்னாவில் போலீஸ்காரனாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். ஓட்டோவுக்கு அந்தப் பெயர் முன்பே தெரியும், ஆனால் வெளியே விடவில்லை. விசாரணையில் அவர் சொன்னது, அவன் தன் கடமையைத்தான் செய்தான், முறையாகவே நடந்துகொண்டான் என்பதுதான். அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

எனக்கு இது இன்றுவரை செரிக்கவில்லை. அந்த ஆள் ஒரு தோல்பையைத் தரையில் கவிழ்த்துக் காலியாக்கி, நகையையும் பணத்தையும் அதில் அள்ளிப் போட்டவன். கீழே கொட்டியவை ஆனின் தாள்கள். பிறகு அறையில் ஒரு ராணுவப் பெட்டியைப் பார்க்கிறான். ஓட்டோ முதல் உலகப்போரில் ஜெர்மன் ராணுவ லெப்டினன்ட் என்று தெரிந்ததும் அவன் குரலே மாறிவிடுகிறது, அவசரம் வேண்டாம், நிதானமாகக் கிளம்புங்கள் என்கிறான். இந்த மரியாதையைத்தான் ஓட்டோ ‘முறையாக’ என்றாரோ என்னவோ. அதற்காக அவனுக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டாம். ஆனால் இழந்தவர் அவர், நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறேன்.

சரி, அந்த வீடியோ. 2022-இல் ஓய்வுபெற்ற எஃப்பிஐ அதிகாரி ஒருவரின் தலைமையில் நடந்த ஆய்வு, ஆர்னால்ட் வான் டென் பெர்க் என்ற நோட்டரியைச் சுட்டியது. யூதர்களை நிர்வகிக்க ஜெர்மானியர் அமைத்த யூத கவுன்சிலில் இருந்தவர் அவர். போருக்குப் பின் ஓட்டோவுக்கு வந்த ஒரு மொட்டைக் கடிதம்தான் முக்கிய ஆதாரம். முகவரிப் பட்டியலையே அவர் ஜெர்மானியரிடம் கொடுத்தார் என்றது கடிதம். அப்படி ஒரு பட்டியல் கவுன்சிலிடம் இருந்ததற்கே சான்று இல்லை, கவுன்சில் 1943 செப்டம்பரிலேயே கலைக்கப்பட்டுவிட்டது, நோட்டரியும் அப்புறம் ஒளிந்துதான் வாழ்ந்தார் என்று டச்சு வரலாற்றாசிரியர்கள் சில வாரங்களில் மறுத்தார்கள். அந்த ஆய்வைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்ட டச்சுப் பதிப்பாளர் மன்னிப்புக் கேட்டு அதைத் திரும்பப் பெற்றார். ஓட்டோ மறைத்தார் என்பதும் நிற்காது. அந்தக் கடிதத்தைப் பற்றி 1960-களின் விசாரணையில் போலீஸிடம் சொன்னவரே அவர்தான். உறுதியாகத் தெரியாத ஒரு பெயரை அவர் ஊருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

யாராவது ஒருவர் காட்டிக்கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ரேஷன் கூப்பன் மோசடியைத் தேடி வந்த போலீஸ் தற்செயலாக இவர்களைப் பிடித்திருக்கலாம் என்று 2016-இல் ஆன் ஃப்ராங்க் இல்லமே ஓர் ஆய்வு வெளியிட்டது. கூப்பன் விற்ற, ஓட்டோவின் நிறுவனத்து விற்பனைப் பிரதிநிதிகள் இருவர் பிடிபட்டதை ஆனே எழுதியிருக்கிறாள், மகளிடம் 1944 மார்ச் பக்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நோட்டரி 1950-இல் இறந்துவிட்டார், வந்து மறுத்துப் பேச முடியாது. அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.