ஈனுலையில் சோடியம்: பக்கத்தில் மனை வாங்கலாமா?

கேள்வி: கல்பாக்கம் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறோம். அங்குள்ள புது ஈனுலையில் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை) சூட்டை எடுத்துச் செல்லத் தண்ணீருக்குப் பதிலாக சோடியம் ஓடுமாமே? பள்ளிக்கூடத்தில் பட்டாணி அளவு சோடியத்தைத் தண்ணீரில் போட்டதற்கே தீப்பிடித்துத் துள்ளியது. துணிந்து வாங்கலாமா?

பதில்: பயப்படுவதில் தப்பில்லை. அந்த 500 மெகாவாட் உலைக்கு மொத்தம் சுமார் 1,750 டன் சோடியம் வேண்டும்.

தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஈனுலையில் அணுவைப் பிளக்கும் துகள்களான நியூட்ரான்கள் வேகம் குறையக் கூடாது. தண்ணீர் குறைத்துவிடும், சோடியம் அவ்வளவாகக் குறைக்காது. அப்புறம், அது 98 டிகிரியில் உருகினாலும் 883 டிகிரியில்தான் கொதிக்கும். எரிபொருளைத் தொட்டுவிட்டு வெளியே வரும்போது அதன் சூடு 547 டிகிரிதான். அதனால் அழுத்தம் கொடுத்து அடக்கிவைக்கும் வேலை இல்லை. கூடங்குளம் மாதிரி உலைகளில் தண்ணீர் வளிமண்டலத்தைப் போல 150 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இருக்கும். குழாய் உடைந்தால் சீறி ஆவியாகிவிடும். சோடியம் சீறாது, ஒழுகும்.

சரி, ஒழுகினால்? உலைக்கலத்தைச் சுற்றி இன்னொரு கலம் இருக்கிறது. சோடியத்தின் மேலே காற்றுக்குப் பதில், அதோடு வினைபுரியாத ஆர்கான் வாயு. எனக்கு உறுத்தும் இடம் வேறு: நீராவி உண்டாக்கும் கலம். அங்கே எஃகுக் குழாய்க்குள் உயர் அழுத்தத் தண்ணீர், வெளியே சோடியம். ஊசித்துளை விழுந்தாலும் தண்ணீர் சோடியத்துக்குள் புகுந்து ஹைட்ரஜன் கிளம்பும். அதை மோப்பம் பிடிக்கவே உணர்கருவிகள் வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, அந்தச் சோடியம் உலைக்கலத்துச் சோடியத்தோடு கலப்பதில்லை, தனியாக ஓடும் இரண்டாம் சுற்று. கதிர்வீச்சுப் பயம் அதில் கிட்டத்தட்ட இல்லை.

ஜப்பானின் மொஞ்சு உலையில் 1995 டிசம்பரில் ஒழுகியதும் இப்படிப்பட்ட இரண்டாம் சுற்றில்தான். வெப்பமானியின் உறை அதிர்ந்து உடைந்து, சுமார் 640 கிலோ சோடியம் கொட்டி எரிந்தது. கதிர்வீச்சு வெளியேறவில்லை. ஆனால் நடத்தியவர்கள் வீடியோவின் ஒரு பகுதியை மறைத்தார்கள். மக்களின் நம்பிக்கை அதோடு போயிற்று. 2016-இல் மூடவே முடிவெடுத்தார்கள். ரஷ்யாவின் பிஎன்-600 என்ற சோடியம் உலையிலும் பலமுறை ஒழுகித் தீப்பிடித்திருக்கிறது. ஆனாலும் அது 1980-லிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆக, சோடியத்துக்காக மட்டும் மனையைக் கைவிட வேண்டாம். ஆனால் அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் மக்கள்தொகை பெருகாமல் பார்த்துக்கொள்வது விதி. முன்பணம் கொடுக்கும் முன் சர்வே எண்ணோடு பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் போய், அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.