ஓநீல் புத்தகத்து மெட்டுக்கு லைசென்ஸா?

கேள்வி: அயர்லாந்தில் கார்க் நகரில் வேலை பார்க்கிறேன். பொழுதுபோக்காக டின் விசில் என்ற சின்னத் தகரக் குழல் கற்றுக்கொண்டேன். 1903-இல் வந்த ஓநீல் என்பவரின் அயர்லாந்து மெட்டுத் தொகுப்பிலிருந்து ஒரு ரீலை (வேகமான நடன மெட்டு) நானே வாசித்து யூடியூபில் போட்டேன். ‘இது எங்கள் இசை’ என்று ஏதோ ஒரு நிறுவனம் உரிமை கோருகிறது. 60 யூரோ கொடுத்தால் ‘பாரம்பரிய இசை லைசென்ஸ்’ வாங்கித் தருவதாக ஒருவர் மெயில் அனுப்புகிறார். கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். அப்படியொரு லைசென்ஸே கிடையாது. இல்லாத கதவுக்குச் சாவி விற்கிறார் அந்த ஆள்.

பிரான்சிஸ் ஓநீல் உங்கள் கார்க் மாவட்டத்துக்காரர்தான், பான்ட்ரி பக்கம். 1901 முதல் 1905 வரை சிகாகோ போலீஸ் தலைவர். தான் கேட்ட மெட்டுகளை வாசித்துக் காட்ட, அதே போலீஸில் இருந்த ஜேம்ஸ் ஓநீல் எழுதிக்கொண்டார். அந்தத் தொகுப்பில் 1,850 மெட்டுகள். அவற்றில் பெரும்பாலானவை யார் போட்டது என்றே தெரியாதவை. தெரிந்த பெயர்களில் முக்கியமானவர் ஹார்ப் கலைஞர் கரோலன், 1738-இல் இறந்தவர். இதற்கெல்லாம் யாரும் உங்களிடம் காசு கேட்க முடியாது.

பிறகு ஏன் கோரல் வந்தது? யாரோ ஒருவர் அதே ரீலை வாசித்து, விநியோக நிறுவனம் மூலம் ஏற்றி, மெட்டே தனது என்பதுபோல் பதிவு செய்திருப்பார். யூடியூபின் இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டு நோட்டீஸ் அனுப்பிவிடும். அதற்கு ஓநீலையும் தெரியாது, உங்களையும் தெரியாது. பொய்யாகக் கோரியவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நிரூபிக்கிற பாடு முழுக்க வாசித்தவர் தலையில். இத்தனை வருடமாகியும் இதை யாரும் சரிசெய்யவில்லை.

மெட்டு பொது என்பதால் எல்லாமே பொது என்று இறங்கிவிடாதீர்கள். பிரண்டன் பிரெத்னாக் 1963 முதல் கொண்டுவந்த நடன இசைத் தொகுதிகளின் பக்கங்களை ஸ்கேன் செய்து போடக் கூடாது. அவர் இறந்தது 1985-இல்தான், உரிமை இன்னும் முடியவில்லை. சேமஸ் எனிஸ் நாற்பதுகளில் நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காகக் மேற்கு அயர்லாந்தின் கானமாரா ஊர்களில் சைக்கிளில் சுற்றிச் சேகரித்ததெல்லாம் இப்போது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது. அங்கிருந்து எதை எடுத்து வெளியிட்டாலும் அனுமதி கேளுங்கள். ‘அபூர்வ அயர்லாந்து இசை, முழுத் தொகுப்பு’ என்று பென்டிரைவ் விற்பவர்களிடம் வாங்கவே வேண்டாம். அதில் பாதி இணையத்தில் இலவசம், மீதி அடுத்தவர் பதிவு.

நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பப்பில் எல்லோரும் வாசிக்கிறார்களே, பழசாகத்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். ‘தி ஹன்டர்ஸ் ஹவுஸ்’ என்ற ரீல் கேட்டால் நூறு வருடப் பழசு போலிருக்கும். அதைப் போட்டவர் எட் ரீவி; காவன் மாவட்டத்தில் பிறந்து பிலடெல்பியாவில் பிளம்பராக இருந்தவர். 1988-இல்தான் இறந்தார். ஐரோப்பிய விதிப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, அதாவது 2058 முடிய அந்த மெட்டுக்கு உரிமை உண்டு. டிப்பரரி அக்கார்டியன்காரர் பேடி ஓபிரையன் போட்ட மெட்டுகளும் இப்படித்தான். அவர் இறந்தது 1991-இல். இவை ஓநீல் புத்தகத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் பப்பில் காதால் பிடித்ததை ‘ஓநீல் மெட்டு’ என்று எழுதிப் போடுகிறவர்கள் ஏராளம். நீங்கள் வாசித்தது அந்தப் புத்தகத்தில் நிஜமாகவே இருக்கிறதா என்று, அதில் மெட்டுக்குப் போட்டிருக்கும் வரிசை எண்ணைப் பாருங்கள். பெயரை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே பெயரில் வேறு வேறு மெட்டுகள் உண்டு, ஒரே மெட்டுக்கு ஐந்தாறு பெயரும் உண்டு. சந்தேகமிருந்தால் டப்ளின் மெரியன் சதுக்கத்தில் உள்ள அயர்லாந்து பாரம்பரிய இசை ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். 1987 முதல் இதே வேலையாக இருப்பவர்கள், பொதுமக்களுக்கு இலவசம்.

எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் கோரலை மறுத்து எழுதுங்கள்: “மெட்டு பொதுச் சொத்து, ஓநீல், 1903, இன்ன எண், வாசித்தது நான்.” இந்த மூன்றும் போதும், வக்கீல் வேண்டாம். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள். பேசாமல் இருந்தால் கோரல் தானே விழுந்துவிடும். அதுவரை அந்த மெயில்காரருக்குப் பதில் எழுதாதீர்கள், ‘வேண்டாம்’ என்றுகூட.